மஞ்சளாய் மின்னும் பழங்காசு: பவுணா, பித்தளையா?

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு செடியின் வேர்மண்ணோடு வட்டமாக ஒரு தகடும் வந்திருக்கிறது. சீலைத் தலைப்பால் ஓரத்தைத் துடைத்துப் பார்த்தார். மஞ்சளாக மின்னியது. அப்படியே முடிந்துகொண்டு, பொழுதுபட எங்கள் படலையடிக்கு வந்துவிட்டார். "தம்பி, இது பவுணோ? ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ. வேற ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

பழைய காசு சேர்ப்பது எனக்கு நீண்ட காலப் பழக்கம் என்பதால் இப்படி அடிக்கடி யாராவது வருவார்கள். வன்னியில் மண்ணுக்குள் இருந்து மஞ்சளாக எது வந்தாலும் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. இடம்பெயர்ந்த நேரத்தில் கையில் கொண்டுபோக முடியாத நகைகளைக் கிணற்றடியிலும் வேலியோரத்திலும் தாட்டுவிட்டுப் போனவர்கள் இங்கே நிறையப் பேர். திரும்பி வந்து எடுத்தவர்களும் உண்டு, வராமலே போனவர்களும் உண்டு. அதற்கும் கீழே குளங்களும் வாய்க்கால்களும் கட்டி வாழ்ந்த பழைய குடிகளின் மண் இருக்கிறது. ஆகவே கேள்வி நியாயமானது. அதற்கு வீட்டிலேயே எவ்வளவு தூரம் விடை காணலாம் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். "இது உண்மையானதா?" என்று கேட்கும்போது நாம் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்கிறோம். ஒன்று, இந்த உலோகம் தங்கமா? மற்றது, இது அந்தக் காலத்தில், அந்த அரசு வெளியிட்ட காசுதானா? இரண்டுக்கும் விடை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முழுத் தங்கத்தில் செய்த போலிக் காசு உண்டு. தங்கமே இல்லாத, ஆனால் ஆயிரம் வருடம் பழைய உண்மையான காசும் உண்டு. முதல் கேள்விக்குத் தராசும் தண்ணீரும் விடை சொல்லும். இரண்டாவதற்குக் கண்ணும் பொறுமையும் வேண்டும்.

ஆனால் எந்தச் சோதனைக்கும் முன்னால், எங்கள் மண்ணுக்கென்று ஓர் எச்சரிக்கை. வட்டமாக, மஞ்சளாக இருப்பதெல்லாம் காசு அல்ல. துப்பாக்கி ரவைக் கோதும் ஷெல் கோதும் பித்தளையில் செய்தவை. செம்பு எழுபது பங்கு, துத்தநாகம் முப்பது பங்கு சேர்ந்த அந்தப் பித்தளை, தேய்த்தால் பவுண் போலவே மின்னும். கிடைத்த பொருள் காசைப் போலத் தட்டையாக இல்லாமல் மூடி போலவோ குழாய் போலவோ இருந்தால், அல்லது மண்ணுக்குள் இன்னும் ஏதோ தொடர்வதுபோலத் தெரிந்தால், தோண்டாதீர்கள், தட்டாதீர்கள், எக்காரணம் கொண்டும் நெருப்பில் காட்டாதீர்கள். தங்கமா என்று அடுப்பில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எங்கள் ஊரில் இருக்கிறது. அது உயிருக்கு ஆபத்தான பழக்கம். அந்த இடத்தில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு விலகி வந்து பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கள்.

சரி, கையில் இருப்பது காசுதான் என்று வைத்துக்கொள்வோம். முதலில் நிறத்தைப் பாருங்கள், ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். தங்கம் மண்ணுக்குள் எத்தனை காலம் கிடந்தாலும் துருப்பிடிக்காது, களிம்பும் ஏறாது. மண் ஒட்டியிருக்கும், அதை அலசினால் கீழே அதே மஞ்சள். மாறாக, எழுத்தின் இடுக்குகளிலும் ஓரத்திலும் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் அங்கே செம்பு நிறைய இருக்கிறது என்று அர்த்தம். செம்பாக, பித்தளையாக, வெண்கலமாக இருக்கலாம். தங்க முலாம் பூசியதாக இருந்தால் முதலில் தேய்வது மேடான இடங்கள்: அரசரின் மூக்கு, கன்னம், காசின் விளிம்பு. ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து அந்த மூன்று இடங்களையும் பாருங்கள். மற்ற இடம் மஞ்சளாகவும் மூக்கு நுனி மட்டும் வெள்ளையாகவோ சிவப்பாகவோ இருந்தால் உள்ளே வேறு உலோகம்.

காந்தம் அடுத்தது. பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றியது போதும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஒட்டினால் உள்ளே இரும்பு, அத்தோடு விசயம் முடிந்தது. 2005-க்குப் பிறகு வந்த மஞ்சள் ஐந்து ரூபாக் காசு காந்தத்தில் ஒட்டும், ஏனென்றால் அது பித்தளை முலாம் பூசிய உருக்கு. வீட்டில் ஒன்று இருந்தால் பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம். ஆனால் காந்தத்தில் ஒட்டவில்லை என்பதற்காகத் தங்கம் என்று முடிவுகட்ட முடியாது. செம்பும் பித்தளையும் ஈயமும்கூட ஒட்டாது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

இப்போது முக்கியமான சோதனைக்கு வருகிறேன். இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் துணைக்குத்தான்.

தங்கம் மிகவும் பாரமான உலோகம். ஒரு சிறு கிண்ணம் நிறையத் தண்ணீர் எடுத்து, அதே கிண்ணம் நிறையச் சுத்தத் தங்கத்தை உருக்கி ஊற்ற முடிந்தால், தங்கம் தண்ணீரைவிட 19.3 மடங்கு பாரமாக இருக்கும். அதே கிண்ணத்தில் ஈயம் 11.3 மடங்கு, வெள்ளி 10.5 மடங்கு, செம்பு ஏறத்தாழ 9 மடங்கு, பித்தளை ஏறத்தாழ எட்டரை மடங்கு. இதற்குப் பெயர்தான் அடர்த்தி. மஞ்சள் நிறத்தை யாரும் பூசிவிடலாம், ஆனால் அடர்த்தியைப் பூச முடியாது. பித்தளையில் தங்கக் காசின் அளவுக்கே ஒரு காசு செய்தால் அதன் பாரம் பாதிக்கும் குறைவாகத்தான் வரும். பாரத்தைச் சமன் செய்ய வேண்டுமென்றால் தடிப்பை இரண்டு மடங்குக்கு மேல் கூட்ட வேண்டும், அப்போது கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். தங்கத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான பாரமுள்ள மலிவான உலோகம் தங்குதன் (டங்ஸ்டன்). ஆனால் அது கல் போலக் கடினமானது, அச்சில் அடித்துக் காசாக்க இணங்காது. எனவே சிறிய காசுகளில் அதைப் பற்றி நீங்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இதை அளப்பது எப்படி? 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும். உங்களிடம் இல்லாவிட்டால் நகைக்கடையில் கேட்டுப் பார்க்கலாம். முதலில் காசை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் பாதிக்கு மேல் தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்து, பூச்சியம் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். காசைத் தையல் நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். காசு முழுவதும் நனைய வேண்டும், ஆனால் அடியிலோ பக்கத்திலோ முட்டக்கூடாது. நூல் உங்கள் கையில் இருக்கட்டும். இப்போது தராசு ஒரு சின்ன எண்ணைக் காட்டும். அது காசு ஒதுக்கிய தண்ணீரின் நிறை. முதலில் எழுதிய நிறையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி.

அக்கா கொண்டுவந்த காசைக் குசினி மேசையில் வைத்து அப்படித்தான் பார்த்தோம். நிறை 5.46 கிராம். நூலில் கட்டி இறக்கியபோது முதலில் 0.70 காட்டியது. குனிந்து பார்த்தால் காசின் கீழ்ப்பக்கத்தில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டிருந்தது. நூலை மெல்ல ஆட்டினேன், குமிழி கழன்று மேலே வந்தது, எண் 0.65-இல் நின்றது. 5.46-ஐ 0.65-ஆல் வகுத்தால் 8.4. பித்தளை. அக்காவின் முகம் வாடியதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவியபோது முடி சூடிய ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலையும், மறுபக்கம் 1943 என்ற வருடமும் தெரிந்தன. இலங்கை ஐம்பது சதம். உலக யுத்தக் காலத்தில் நிக்கல் கலந்த பித்தளையில் அடித்த காசு. அதற்கு முன் ஐம்பது சதம் வெள்ளியில் வந்தது. 1943-இலும் 1951-இலும் வந்த இருபத்தைந்து சதமும் ஐம்பது சதமும் இப்படி மஞ்சளாக இருக்கும். வன்னியில் "தங்கக் காசு" என்று என்னிடம் வந்தவற்றில் அதிகம் இவைதான்.

எதிர்மாறான உதாரணத்தையும் பாருங்கள். நாங்கள் தங்கத்தைப் பவுண் கணக்கில் சொல்கிறோம், ஒரு பவுண் எட்டுக் கிராம். தமிழ்நாட்டில் அதையே சவரன் என்கிறார்கள். இரண்டு சொல்லும் ஒரே காசில் இருந்து வந்தவை: 1817-இல் இருந்து பிரித்தானியா வெளியிட்ட தங்கப் பவுண் காசு, சொவரின். அதன் நிறை 7.988 கிராம், விட்டம் 22.05 மில்லிமீற்றர், தடிப்பு ஏறத்தாழ 1.5 மில்லிமீற்றர், தங்கம் 22 கரட். பெரும்பாலானவற்றில் குதிரையில் ஏறிய வீரன் பறவைநாகத்தைக் குத்தும் படம் இருக்கும், ஓரம் சீப்புப் பல் போல வரிவரியாக இருக்கும். 22 கரட்டில் செம்போ வெள்ளியோ கலந்திருப்பதால் அடர்த்தி 19.3 வராது, 17.5-இல் இருந்து 18 வரைக்குள் வரும். எனவே ஒரு நல்ல பவுண் காசு தண்ணீரில் 0.45 கிராம் அளவில் காட்ட வேண்டும். அதே எட்டுக் கிராமில் ஒரு பித்தளைத் துண்டு என்றால் 0.94 அளவில் காட்டும். இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தேய்ந்த தராசுகூட மறைக்க முடியாது.

உரைகல் சோதனையை நீங்கள் நகைக்கடையில் பார்த்திருப்பீர்கள். பத்தர் கறுத்தக் கல்லில் நகையை ஒருமுறை இழுப்பார், மஞ்சள் கோடு விழும். பக்கத்திலேயே தரம் தெரிந்த தங்கத்தால் இன்னொரு கோடு போட்டு இரண்டின் நிறத்தையும் ஒப்பிடுவார். பிறகு நைத்திரிக் அமிலம் ஒரு துளி. பித்தளைக் கோடு கரைந்து மறைந்துவிடும், தங்கக் கோடு நிற்கும். "பத்தரை மாற்றுத் தங்கம்" என்று நாங்கள் பேச்சில் சொல்வது இந்தக் கல்லில் இருந்து வந்ததுதான். தங்கத்தின் தரத்தை மாற்று என்று எண்ணினார்கள், பத்தரை மாற்று என்றால் கலப்பில்லாதது. நல்ல சோதனைதான், ஆனால் ஒரு குறை உண்டு. கல் தொடுவது மேற்பரப்பை மட்டும். தடிப்பாக முலாம் பூசியிருந்தால் கல்லும் ஏமாறும். எக்ஸ் கதிரால் கரட் பார்க்கும் மெஷினுக்கும் அதே குறைதான். ஆகவே தண்ணீரில் ஒருமுறை, கல்லில் ஒருமுறை என்று இரண்டையும் பார்ப்பது நல்லது. அமிலத்தை வீட்டுக்கு வாங்கிவந்து நீங்களே செய்து பார்க்காதீர்கள், கையையும் கண்ணையும் பொசுக்கிவிடும்.

பல்லால் கடித்துப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். ஈயம் தங்கத்தைவிட மென்மையானது, அதிலும் பல் பதியும்.

அப்புறம் இரண்டாவது கேள்வி. உலோகம் தங்கம் என்று தெரிந்துவிட்டது, அல்லது தங்கம் இல்லை என்று தெரிந்துவிட்டது. அது உண்மையான பழங்காசா?

பழங்காலத்தில் காசை அச்சில் வைத்துச் சுத்தியலால் அடித்துச் செய்தார்கள். ஒவ்வொரு காசும் தனித்தனியாக அடிபட்டது. அதனால் படம் ஒருபக்கம் சரிந்திருக்கும், எழுத்தில் பாதி வெளியே போயிருக்கும், வட்டம் சரியான வட்டமாக இராது. போலி செய்கிறவர்கள் பெரும்பாலும் ஓர் உண்மைக் காசைக் களிமண்ணிலோ சாந்திலோ பதித்து, அந்த அச்சில் உலோகத்தை உருக்கி ஊற்றுகிறார்கள். அப்படி ஊற்றிய காசில் எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும். மேற்பரப்பில் ஊசிமுனை அளவுக் குழிகள் இருக்கும், அவை காற்றுக் குமிழிகள் விட்டுப்போன அடையாளம். ஓரத்தைச் சுற்றி விரலை ஓட்டினால், இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு தட்டுப்படும், அல்லது அந்தக் கோட்டை அரத்தால் ராவிய கீறல்கள் தெரியும்.

இன்னொரு அடையாளம் நிச்சயமானது. ஒருவர் ஏழெட்டுக் காசுகளைக் கொண்டுவந்து காட்டினால், அவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே வெடிப்பு, அதே இடத்தில் அதே கீறல் இருந்தால், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. எழுநூறு வருடம் வேறு வேறு கைகளில் புரண்ட காசுகள் ஒரே மாதிரிக் கீறுப்படுவதில்லை.

தங்கமாக இருந்தும் காசு அல்லாதவற்றையும் சொல்லவேண்டும். எங்கள் பாட்டிமாரின் காசுமாலையிலும் பதக்கத்திலும் இருப்பவை பல நேரம் பத்தர் அச்சில் அடித்த தங்கத் தகடுகள், லட்சுமியோ அரசர் தலையோ பதித்தவை. தங்கம் நல்ல தங்கமாக இருக்கும், ஆனால் நாணயம் அல்ல. உச்சியில் வளையம் ஒட்டிய பற்றாசு அடையாளத்தைத் தேடிப் பாருங்கள். சொவரின் காசையே சரியான தங்கத்தில் போலியாகச் செய்த காலமும் உண்டு. 1950-களிலும் 60-களிலும் பெய்ரூட்டில் அப்படி நிறையச் செய்தார்கள். அவற்றைப் பிடிப்பது படத்தின் கூர்மையை வைத்துத்தான், தராசு உதவாது.

அனுமான், இராமர் பட்டாபிசேகம் போன்ற படங்களோடு 1616, 1717, 1818 என்ற வருடங்களும், யூ, கே, எல் என்ற ஆங்கில எழுத்துகளும் போட்ட "கிழக்கிந்தியக் கம்பனிக் காசு" என்று ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. கம்பனி அப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை. சாமிப் படமுள்ளது என்று வீட்டில் வைத்துக் கும்பிடலாம், அதற்குப் பெருந்தொகை கொடுக்காதீர்கள். இந்த வகைக் காசு அரிசியை இழுக்கும், வெளிநாட்டில் கோடிக்கணக்கில் வாங்குகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் கதையே கொடுக்க வேண்டாம். காசுக்குள் காந்தம் இருக்கும், அரிசியில் இரும்புத் தூள் பூசியிருக்கும். அதேபோல, "கிணறு வெட்டும்போது ஒரு குடம் கிடைத்தது, ஒன்றை எடுத்துப்போய் எங்கே வேண்டுமானாலும் உரைத்துப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னால், அந்த ஒன்று நல்ல தங்கமாகத்தான் இருக்கும். மிச்சக் குடம் முழுவதும் பித்தளை. வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை இப்படிக் கொடுத்துவிட்டு, வெளியே சொல்ல முடியாமல் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் அல்ல.

அப்படியென்றால் வன்னி மண்ணில் உண்மையில் கிடைப்பவை எவை? பெரும்பாலும் செம்பு. சோழர் ஆட்சியிலும் அதற்குப் பிந்திய பொலநறுவை அரசர் காலத்திலும் வந்த செப்புக் காசுகளில், ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவத்தோடு தேவநாகரி எழுத்தில் அரசரின் பெயர் இருக்கும். யாழ்ப்பாண அரசர் வெளியிட்ட சேது காசில் நந்தியும் "சேது" என்ற தமிழ் எழுத்தும் இருக்கும். நம் எழுத்தை நாமே வாசிக்கக்கூடிய காசு அது, முதல்முறை கையில் எடுத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒல்லாந்தர் காலச் செப்புக் காசில் அவர்களுடைய கம்பனியின் மூன்று எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மன்னார்ப் பக்கம் மாந்தை பழைய துறைமுகம் என்பதால் அந்தப் பகுதியில் உரோமச் செப்புக் காசுகளும் கிடைத்திருக்கின்றன.

தங்கம் அரிது. கிடைத்தாலும் நாம் எதிர்பார்ப்பதுபோல இராது. கஹவணு என்ற இலங்கைத் தங்கக் காசு நான்கு கிராமுக்குச் சற்றுக் கூடுதலான நிறை உள்ளது. பணம் என்று நாங்கள் இன்றும் சொல்கிறோமே, அந்தப் பெயரில் ஒரு தங்கக் காசு புழங்கியது. அது அரைக் கிராமும் வராது, சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. மண்ணை அரித்துப் பார்க்காதவர் கண்ணில் படவே படாது. பெரிதாக, தடிப்பாக, பளபளவென்று, எழுத்து முழுதும் தெளிவாக உள்ள "சோழர் தங்கக் காசு" ஒன்றை யாராவது நீட்டினால், முதலில் சந்தேகப்படுங்கள்.

இதில் எனக்கு மனம் நோகும் விசயம் கழுவுவதுதான். தேசிக்காய், புளி, சாம்பல், பிரஷ் என்று எல்லாம் போட்டுத் தேய்த்துக் கொண்டுவருகிறார்கள். தங்கத்துக்கு அமிலத்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் சாம்பலும் பிரஷும் அதில் கீறல் போடும். செப்புக் காசு என்றால் இருநூறு, எழுநூறு வருடமாக அதன்மேல் படிந்து அதைக் காப்பாற்றி வந்த பச்சைப் போர்வை ஐந்து நிமிடத்தில் போய்விடும், அதோடு எழுத்தும் போய்விடும். நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, ஈர்க்கு நுனியால் மண்ணை மெல்ல நெம்பிவிட்டு, நிழலில் உலரவிடுங்கள். அவ்வளவு போதும். உரைகல்லில் இழுப்பதாக இருந்தாலும் பழங்காசு என்று சந்தேகம் வந்தால் வேண்டாம், தண்ணீர்ச் சோதனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1940-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2-ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள் தொல்பொருள். அக்காவின் 1943 காசு அவருக்கே சொந்தம், யாரும் கேட்க முடியாது. ஆனால் மண்ணில் இருந்து வெளிவரும் சேது காசோ கஹவணுவோ அரசுக்கு உரியது. கிடைத்தால் கிராம சேவகருக்கோ பிரதேச செயலகத்துக்கோ பொலிசுக்கோ தொல்லியல் திணைக்களத்துக்கோ தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும். புதையல் என்று அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். பயத்தில் பலர் காசை உருக்கிவிடுகிறார்கள். நான்கு கிராம் தங்கத்தின் விலை கையில் கிடைக்கும், ஆனால் இந்தக் குளத்தடியில் எந்தக் காலத்தில் யார் வாழ்ந்தார்கள் என்பதற்கு இருந்த ஒரு சாட்சி அடுப்பில் போய்விடும். வன்னியின் பழைய கதைக்கு எழுத்தில் சான்று மிகவும் குறைவு, ஆகவே ஒவ்வொரு காசும் பெரிய காரியம்.

கிடைத்த இடம் காசைப் போலவே முக்கியம். எடுத்த உடனே, மண்ணோடு இருக்கும்போதே, போனில் இரண்டு பக்கமும் படம் பிடியுங்கள். அளவு தெரிய ஒரு தீப்பெட்டியைப் பக்கத்தில் வையுங்கள். பிறகு ஒரு கடதாசி உறையில் போட்டு, உறையின் மேல் திகதி, ஊர், எந்தக் காணியில், கிணற்றுக்கோ வேலிக்கோ எத்தனை அடி தள்ளி, எவ்வளவு ஆழத்தில், கூடவே ஓட்டுத் துண்டோ சட்டித் துண்டோ கிடந்ததா என்று எழுதுங்கள். பேனையால் எழுத வேண்டாம், ஈரம் பட்டால் அழிந்துவிடும். பென்சிலால் எழுதுங்கள்.